முற்றத்தில் இரண்டாம் பாகம்: டிஸ்க்கில் வரும் விஞ்ஞான ஆக்‌ஷன் படத்தை வன்னி வீட்டில் போட்டுப் பார்க்க முழுமையான வழிகாட்டி

வெளிநாட்டிலிருந்து வரும் மாமா பெட்டியைத் திறந்ததும் முதலில் வெளியே வருவது சொக்லேட், அடுத்தது டிஸ்க். அன்றிரவே முற்றத்தில் பாய் விரித்தாகிவிடும். டிஸ்க் உள்ளே போகும், சுற்றும், இந்தப் பிளேயரில் இது ஓடாது என்று திரையில் ஒரு வரி வரும். பாயில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பிப் போவார்கள்.

கிளிநொச்சிப் பக்கமும் முல்லைத்தீவுப் பக்கமும் பல வீடுகளில் இதைப் பார்த்துவிட்டேன். அநேகமாக டிஸ்க்கிலும் பழுதில்லை, பிளேயரிலும் பழுதில்லை. வேலையைத் தலைகீழாகத் தொடங்கியதுதான் பிழை. டிஸ்க் கடைசியில் வாங்க வேண்டிய பொருள். கரண்ட், பிளேயர், திரை, அதன் பிறகே டிஸ்க். கீழே உள்ள படிகள் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன.

உதாரணத்துக்கு ஒரே படத்தை எடுத்துக்கொள்கிறேன்: 1991இல் வந்த டெர்மினேட்டர் 2. விஞ்ஞானக் கதை, ஆக்‌ஷன், இரண்டாம் பாகம் மூன்றும் அதில் உண்டு. வீட்டு டிஸ்க்காகப் பல வடிவங்களில் வந்திருப்பதால், புதிதாகத் தொடங்குபவர் சறுக்கும் இடங்கள் எல்லாம் அதிலேயே கிடைக்கும்.

1. எங்கே, யாருக்கு, எந்த மாதம்

கடையில் விற்கும் டிஸ்க் வீட்டில் பார்ப்பதற்கு உரியது. உங்கள் குடும்பமும் உறவுகளும் உங்கள் வளவுக்குள் இருந்து பார்க்கலாம். வாசிகசாலையிலோ பள்ளிக்கூட மண்டபத்திலோ ஊரைக் கூட்டிப் போடுவதென்றால் உரிமையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆகவே இந்த வழிகாட்டி வீட்டு முற்றத்தோடு நிற்கிறது.

மாதத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று புழுதியைக் கிளப்பும், கட்டிய திரையைப் பாய்மரமாக்கும். மாசி முதல் சித்திரை வரை முற்றத்துக்கு நல்ல காலம். மற்ற மாதங்களில் விறாந்தைக்குள் டிவியில் பாருங்கள்.

பக்கத்து வீட்டில் சாதாரண தரமோ உயர்தரமோ எழுதும் பிள்ளை இருந்தால் பரீட்சை முடியும்வரை பொறுங்கள். மே 18ஐ ஒட்டிய வாரத்தில் துப்பாக்கிச் சத்தம் நிறைந்த படம் எதையும் நான் முற்றத்தில் போடுவதில்லை. ஏன் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

2. கரண்ட் கணக்கு

நாற்பது அங்குல அளவு டிவி ஏறத்தாழ 100 வாட் இழுக்கும். பிளேயர் 25 வாட்டுக்குள் அடங்கும். சின்ன அம்பிளிபயர், ஒரு மின்விசிறி, ஒரு குண்டு பல்பு எல்லாம் சேர்த்தாலும் 300 வாட்டைத் தாண்டாது. பல்பு வைத்த பழைய புரொஜெக்டர் என்றால் அது மட்டுமே 250 முதல் 300 வாட் கேட்கும். இதைக் கடதாசியில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். ஜெனரேற்றரை இரவல் வாங்கும்போது எத்தனை வாட் என்று கேட்பார்கள். அப்போது விழிக்கக் கூடாது.

ஜெனரேற்றர் பாவிப்பவர்கள் கவனிக்க: முதலில் அதை வெறுமையாக ஓட விடுங்கள். ஐந்து நிமிடம் போய் ஓட்டம் சீரானதும் ஒரு பல்பைப் போட்டு வெளிச்சம் துடிக்கிறதா என்று பாருங்கள். துடிக்காவிட்டால் மட்டும் டிவியும் பிளேயரும். நிறுத்தும்போது இதற்கு மறுவளம்: முதலில் டிவி, பிளேயர் பிளக்குகளைக் கழற்றுங்கள், கடைசியாக ஜெனரேற்றர். எண்ணெய் முடிந்து அது தானாகத் தடுமாறி நிற்கும்போது வோல்ட் ஏறி இறங்கும். பிளேயர் போவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஜெனரேற்றர் வளவின் கோடியில், காற்று போகும் திசையில் நிற்கட்டும். விறாந்தையில், யன்னலுக்குக் கீழே, குசினிக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் புகையில் இருக்கும் கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. மழை தூறுகிறதே என்று உள்ளே இழுத்து வைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். மழை தூறினால் படத்தை நிறுத்துங்கள், ஜெனரேற்றரை உள்ளே எடுக்க வேண்டாம்.

வீட்டுக் கரண்டிலேயே பார்ப்பதென்றால் பிளேயருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் தேடுங்கள், கரண்ட் போனதும் தானாகக் கைகொடுக்கும் பட்டரிப் பெட்டி அது. கணினிக்கு வைப்பதே போதும். கண் இமைக்கும் நேரம் கரண்ட் வெட்டினாலும் பிளேயர் முதலிலிருந்து தொடங்கும். டிவிடியைவிடத் தெளிவான படம் தரும் புளூ-ரே வகை டிஸ்க்குகளில் பல, விட்ட இடத்தை நினைவில் வைப்பதில்லை. எச்சரிக்கை வாசகம், நிறுவனச் சின்னம், மெனு எல்லாம் மறுபடி ஓடி முடிய வேண்டும்.

3. பிளேயரின் முதுகை வாசியுங்கள்

பிளேயரைத் திருப்பி வைத்து, பின்னால் ஒட்டியிருக்கும் சின்னத் தாளை வாசியுங்கள். மூன்று விடயங்கள் தெரிய வேண்டும்.

முதலாவது வோல்ட். கனடா, அமெரிக்காவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. தாளில் "100-240" என்று இருந்தால் பயமில்லை. "120" மட்டும் இருந்தால் வோல்ட் இறக்கும் ட்ரான்ஸ்போமர் இல்லாமல் குத்தவே கூடாது. எங்கள் வீட்டில் ஒரு பிளேயர் இப்படித்தான் போனது. பிளக் பொருந்தவில்லை என்று மாற்றி ஒன்றை வாங்கி வந்து குத்தினோம். பிளக்கின் வடிவத்தை மாற்றுவது வேறு, வோல்ட்டை மாற்றுவது வேறு என்று அப்போது தெரியவில்லை. "டிக்" என்று ஒரு சத்தம், பிறகு எரிந்த பிளாஸ்டிக் மணம். அவ்வளவுதான்.

இரண்டாவது பிராந்தியக் குறி. டிஸ்க்கின் குறியும் பிளேயரின் குறியும் பொருந்தினால்தான் படம் ஓடும். டிவிடியில் உலகம் எண்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: அமெரிக்காவும் கனடாவும் 1, பிரித்தானியாவும் ஐரோப்பாவும் 2, அவுஸ்திரேலியா 4, இலங்கையும் இந்தியாவும் 5. புளூ-ரேயில் எழுத்துகள்: வட, தென் அமெரிக்கா ஏ, ஐரோப்பாவும் அவுஸ்திரேலியாவும் பி, நாங்களும் இந்தியாவும் சி. புளூ-ரேயையும் விடத் தெளிவான 4கே டிஸ்க்குக்கு மட்டும் இந்தப் பிரிவே இல்லை, எந்த நாட்டு 4கே டிஸ்க்கும் எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். உங்கள் பிளேயரின் எண்ணையும் எழுத்தையும் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். அந்தப் படம் 5ஆம் படியில் வேண்டும்.

மூன்றாவது, எந்த டிஸ்க் வரை அது வாசிக்கும் என்பது. டிவிடி பிளேயர் டிவிடியை மட்டும். புளூ-ரே பிளேயர் டிவிடியையும் புளூ-ரேயையும். 4கே பிளேயர் மூன்றையும். மேலிருந்து கீழே வாசிக்கும், கீழிருந்து மேலே வாசிக்காது. மூன்றும் பார்வைக்கு ஒரே வட்டம் என்பதால் இதில் ஏமாறுபவர்கள் அதிகம்.

4. திரையும் வயரும்

புதிய புளூ-ரே பிளேயர்களில் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் ஓட்டைகளைத் தேடாதீர்கள். 2013க்குப் பிறகு செய்யப்பட்டவற்றில் பழைய வகைப் படவெளியீட்டுக்கு அனுமதி இல்லை. படம் வெளியே வரும் வழி எச்டிஎம்ஐ மட்டும்தான். வீட்டில் இருப்பது பின்பக்கம் பெருத்த பழைய டிவி என்றால் டிவிடி பிளேயரும் டிவிடியும் போதும். இது குறைவான தெரிவு அல்ல. அந்தத் திரையில் புளூ-ரே போட்டாலும் கூடுதலாக எதுவும் தெரியாது.

புரொஜெக்டர் என்றால் முதலில் அளவு. நூறு அங்குலத் திரை 221 சென்ரிமீற்றர் அகலம், 125 சென்ரிமீற்றர் உயரம். அதன் குறிப்பில் எறியும் விகிதம் 1.5 என்று இருந்தால் அகலத்தை 1.5ஆல் பெருக்குங்கள்: திரையிலிருந்து ஏறக்குறைய 3.3 மீற்றரில் புரொஜெக்டர் நிற்க வேண்டும். முற்றத்தில் அவ்வளவு இடம் இருக்கிறதா, நடுவே மாமரம் வருகிறதா என்று பகலிலேயே அடியளந்து பாருங்கள்.

டெர்மினேட்டர் 2 போன்ற அகலப் படங்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். அது பழுதல்ல. "திரையை நிரப்பு" என்று றிமோட்டில் அழுத்தினால் ஓரத்தில் நிற்கும் ஆள் வெட்டுப்படுவார், சப்டைட்டிலும் போய்விடும். பட்டையை அப்படியே விடுங்கள்.

திரைக்கு வெள்ளை வேட்டி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒற்றை வேட்டியில் பாதி வெளிச்சம் பின்னால் கசிந்துவிடும். பின்னே ஒரு படங்கைக் கறுப்புப் பக்கம் தெரியக் கட்டுங்கள், அதற்கு முன் வேட்டியை இழுத்துக் கட்டுங்கள். மேல் இரண்டு மூலையோடு நிறுத்தாமல் கீழ் மூலைகளையும் முளைக்கம்பில் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் கதாநாயகனின் முகம் ஊஞ்சலாடும். வெள்ளை பூசிய சுவர் இருந்தால் வேட்டியே வேண்டாம், சுவர்தான் மேல்.

5. இப்போது டிஸ்க்

கைபேசியில் பிடித்த படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு டிஸ்க் பெட்டியின் பின்பக்கத்தை வாசியுங்கள். டொரொண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ ஒருவர் வாங்கி வருவதென்றால் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கப் படம் எதற்கும் உதவாது.

பிராந்தியக் குறி பொருந்துகிறதா என்பது முதல் கேள்வி. மூன்று எழுத்தும் சேர்த்து அச்சிட்டிருந்தால் எங்கும் ஓடும். 4கே டிஸ்க்கும் புளூ-ரேயும் ஒரே பெட்டியில் வரும்போது ஒரு நுணுக்கம் உண்டு: 4கே டிஸ்க் எங்கும் ஓடும், கூடவே இருக்கும் புளூ-ரே அந்த நாட்டுக்கு மட்டும் பூட்டியிருக்கலாம். கனடாப் பெட்டி என்றால் அதில் ஏ என்ற எழுத்து இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள். இணையத்தில் பார்ப்பதற்கென்று பெட்டிக்குள் வரும் குறியீட்டுத் தாளும் வழக்கமாக அந்த நாட்டுக்குள்தான் செல்லும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

எந்த வடிவம் என்பது அடுத்த கேள்வி. டெர்மினேட்டர் 2 திரையரங்கில் வந்தது 137 நிமிடம். பின்னர் வீட்டு வெளியீட்டுக்காகச் சேர்த்த சிறப்புப் பதிப்பு அதைவிடக் கால் மணி நேரம் நீளம். சில டிஸ்க்குகளில் இரண்டும் இருக்கும், சிலவற்றில் ஒன்றுதான். முதன்முதலாகப் பார்ப்பவர்களுக்கு 137 நிமிட வடிவத்தையே போடுங்கள் என்பது என் அபிப்பிராயம். சிறப்புப் பதிப்பில் கதையின் நாயகி சேரா கனவு காணும் ஒரு காட்சியில், முதல் பாகத்தில் அவளின் காதலனாக வந்த கைல் ரீஸ் வந்து பேசுவார். முதல் பாகம் பார்க்காதவருக்கு அவர் யாரோ ஒருவர். "இது ஆர், ஏன் அழுகிறா?" என்று பாயில் இருந்து கேள்வி கிளம்பும். அதற்குப் பதில் சொல்லி முடிக்கும்போது அடுத்த காட்சியும் போயிருக்கும்.

லண்டன் டிவிடியின் பெட்டியில் 131 நிமிடம் என்று போட்டிருந்தால் வெட்டிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். திரையரங்கில் படம் வினாடிக்கு 24 சட்டகம் ஓடுகிறது. ஐரோப்பிய டிவி முறையான பால் (PAL) முறை டிவிடியில் 25 ஓடும். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடுவதால் 137 நிமிடம் 131 நிமிடமும் சொச்சமுமாக முடிகிறது. கதையில் ஒரு வரியும் குறையவில்லை.

மொழி மூன்றாவது. வெளிநாட்டுப் பெட்டிகளில் தமிழ் சப்டைட்டிலை எதிர்பார்க்காதீர்கள். சில இந்திய வெளியீடுகளில் தமிழ்க் குரல் இருக்கும். பின்பக்கத்தில் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள், கடைக்காரர் சொன்னால் அல்ல.

நடைபாதையில் பொலித்தீன் உறையில் விற்கும் கொப்பியை வாங்காதீர்கள். படம் எடுத்தவர்களின் உழைப்பு அது என்பது ஒன்று. எழுதி எடுத்த டிஸ்க்கைப் பிளேயர் பாதியில் கைவிடுவதும் வழமை; அது நடப்பது எப்போதும் இறுதிச் சண்டைக்குச் சற்று முன்தான்.

6. ஒத்திகை, முதல் நாள் இரவு

பகலில் ஒத்திகை பார்த்துவிட்டு இரவில் போடுபவர்கள்தான் கூடுதலாகத் தடுமாறுகிறார்கள். பகலில் புரொஜெக்டர் படம் வெளிறித் தெரிவதால் வெளிச்சத்தை மேலே ஏற்றுவார்கள், இரவில் அது கண்ணைக் குத்தும். எந்த நேரத்தில் பார்க்கப் போகிறீர்களோ, முதல் நாள் அதே நேரத்தில் சோதியுங்கள். ஏழு மணி என்றால் ஏழு மணி.

நீண்ட நாள் பெட்டிக்குள் கிடந்த பிளேயர் என்றால் அதன் மென்பொருளைப் புதுப்பியுங்கள். புளூ-ரே டிஸ்க்கில் இருக்கும் பூட்டுக்குச் சாவி பிளேயரின் மென்பொருளில் இருக்கிறது. டிஸ்க் புதிது, சாவி பழையது என்றால் திறக்காது. கைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைத்தோ, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து யூஎஸ்பி குச்சியில் இறக்கியோ செய்யலாம். அந்த நேரத்தில் கரண்ட் போனால் பிளேயர் திரும்ப எழும்பாமலே போகலாம். ஆகவே யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

4கே டிஸ்க்கைச் சாதாரண புரொஜெக்டரில் போட்டால் படம் இருண்டு, சேறு பூசியதுபோல் தெரியும். அதன் வெளிச்ச அளவு வேறு வகைத் திரைக்காகச் செய்தது. றிமோட்டோடு மல்லுக்கட்டாமல் அதே பெட்டியில் உள்ள புளூ-ரேயைப் போடுங்கள். நூறு அங்குல வேட்டியில் அதுதான் அழகு.

7. சத்தம்

பக்கத்து வீட்டு மருமகன் ஒருமுறை ஓடி வந்தான். "மாமா, சண்டை கேக்குது, கதை கேக்கேல்ல." இவ்வளவு சுருக்கமாக இந்தப் பழுதை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.

டிஸ்க்கில் ஒலி பல ஸ்பீக்கர்களுக்கென்று பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கு உரியது. வீட்டில் இருப்பது இடம், வலம் இரண்டுதான். பிளேயரின் ஒலி அமைப்புக்குள் போய் வெளியீட்டை "பிசிஎம்" என்றும், கலவையை "ஸ்டீரியோ" என்றும் மாற்றுங்கள். அப்போதுதான் நடு ஸ்பீக்கரின் பேச்சு இரண்டுக்கும் பகிர்ந்து வரும். "பிட்ஸ்ட்ரீம்" என்றே விட்டால் சில அம்பிளிபயர்களில் சத்தமே வராது.

அதே பக்கத்தில் ஒலி வீச்சைக் குறைக்கும் ஒரு தெரிவு இருக்கும், இரவு முறை என்றும் சில பிளேயர்களில் பெயர். அதைப் போடுங்கள். பேச்சுக்கும் வெடிக்கும் உள்ள தூரம் குறையும். பேச்சு கேட்க வேண்டும் என்று ஏற்றி, வெடி வந்ததும் ஓடிப்போய் இறக்கும் வேலை மிச்சம்.

பிறகு அடியொலியைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். இதைப் பெடியள் விரும்பமாட்டார்கள், தெரியும். நெஞ்சு அதிர்ந்தால்தான் படம் என்பார்கள். ஆனால் இரவில் நிலத்தோடு வரும் அந்த அதிர்வு நாலு வளவு தள்ளியும் கேட்கும். அங்கே திரை தெரியாது, அதிர்வு மட்டும் போகும். படம் என்று தெரியாமல் அதைக் கேட்கும் ஒரு தாய்க்கு அது வேறொன்று. ஸ்பீக்கரைக் கதிரையில் தூக்கி வைத்து, முகத்தை உங்கள் வீட்டுப் பக்கம் திருப்பி, ஒரு சாக்கை மடித்துக் கீழே போடுங்கள். நிலம் வாங்கும் அதிர்வு குறையும். வைத்ததும் றோட்டுக்குப் போய் நின்று கேட்டுப் பாருங்கள். றோட்டில் பேச்சு விளங்கினால் சத்தம் கூட.

8. படத்தை முன்னரே தனியாகப் பாருங்கள்

எல்லோரும் தாண்டிப் போகும் படி இதுதான். என் மதிப்பில் முதன்மையானதும் இதுதான்.

ஒரு கொப்பி, ஒரு பேனை. ஒத்திகை முடிந்த அன்றிரவே முழுப் படத்தையும் தனியாக ஓட்டி, எந்த நிமிடத்தில் என்ன வருகிறது என்று எழுதுங்கள். டெர்மினேட்டர் 2 தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் 2029ஆம் ஆண்டின் போர்க்களம் வருகிறது: இருட்டு, நெருப்பு, நிலமெங்கும் மண்டையோடுகள், அதில் ஒன்றை மிதித்து நொறுக்கும் இரும்புக் கால். நடுவில் சேராவின் கனவு. கம்பி வேலிக்கு அப்பால் விளையாட்டுத் திடலில் பிள்ளைகள், பிறகு வெளிச்சம், பிறகு எல்லாம் சாம்பல்.

வேறு ஊரில் இது படம். இங்கே பாயில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களில் பலர் 2009ஐத் தங்கள் உடலோடு சுமப்பவர்கள். முதன்முறை நான் இதை யோசிக்கவில்லை. அந்தக் கனவுக் காட்சி வந்தபோது எங்கள் அம்மம்மா ஒன்றும் பேசாமல் எழும்பினா, முந்தானையை இழுத்துப் போர்த்தினா, கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி தண்ணீர் அள்ளினா. அதை எங்கேயும் ஊற்றவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றா. அன்றிலிருந்து கொப்பியில் எழுதாமல் நான் எந்தப் படத்தையும் போடுவதில்லை.

எழுதியதை வைத்து மூன்று வேலை செய்யுங்கள். பெரியவர்களிடம் நேரே போய் இப்படி இப்படி வரும் என்று சொல்லுங்கள். வருவதா விடுவதா என்பது அவர்களின் விருப்பம். தொடக்கப் போர்க்களம் முடிந்த பின் வந்து உட்காரலாம் என்றும் சொல்லுங்கள், கதை கெடாது. கனவுக் காட்சி எந்த அத்தியாயத்தில் வருகிறது என்று டிஸ்க் மெனுவில் பார்த்து வைத்து, தேவைப்பட்டால் அடுத்த அத்தியாயத்துக்குத் தாவுங்கள். டிஸ்க்கில் இது ஒரு பொத்தான் வேலை.

பிள்ளைகள் விடயத்தில் பெட்டியில் உள்ள வயதுக் குறியையும் பாருங்கள். இந்தப் படத்துக்கு அமெரிக்காவில் "ஆர்" (R) சான்று. பதினேழு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர்களோடுதான் பார்க்கலாம். சின்னதுகளை நித்திரையாக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

9. முதல் பாகத்துக்கு ஒரு வழி செய்யுங்கள்

இரண்டாம் பாகம் பாதிக் கதையை ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்கும். 1984இல் வந்த முதல் பாகம் 107 நிமிடம். முதல் நாள் அதைப் போடலாம். அதில் வரும் இயந்திர மனிதன் கொல்ல வந்தவன், இரண்டாவதில் அதே உருவத்தில் வருபவன் காக்க வந்தவன். அந்தத் திருப்பம்தான் படத்தின் சுவை.

போட நேரம் இல்லை என்றால் கதை சொல்லத் தெரிந்த ஒருவரைப் பிடித்து ஐந்து நிமிடம் பேச விடுங்கள். யார் சேரா, யார் கைல் ரீஸ், ஜோன் யாருடைய பிள்ளை, இயந்திரங்கள் ஏன் அவனைத் தேடுகின்றன. இந்த நாலும் போதும். எழுதி வாசிக்க வேண்டாம், வாயால் சொல்லட்டும். ஆங்கிலம் விளங்காதவர்களுக்குப் படம் ஓடும்போது தமிழில் சொல்பவரும் இவரே. அவரை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருத்தாமல் பெரியவர்களுக்கு நடுவில் இருத்துங்கள்.

10. அன்று மாலை

ஐந்து மணிக்கு முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளியுங்கள். புழுதி அடங்கினால் புரொஜெக்டரின் காற்றுத் துளை அடைக்காது, சூடேறி இடையில் நிற்காது. வயரை நடைபாதைக்குக் குறுக்கே விடாதீர்கள். வேலியோரமாகச் சுற்றி எடுங்கள். இருட்டில் தேத்தண்ணீர்த் தட்டோடு வருபவரின் கால் சரியாக அதைத்தான் தேடிப் போகும்.

முந்திய நாட்களில் ஒரு மழை பெய்திருந்தால் ஈசல் வரும். புரொஜெக்டர் வெளிச்சத்தில் ஈசல் புகுந்தால் திரையில் கோழி அளவில் தெரியும். படம் தொடங்க அரை மணிக்கு முன்னரே வளவின் மறுகோடியில் பல்பு ஒன்றைக் கொழுவி, கீழே அகன்ற சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஈசல் அங்கே போய்விடும். நுளம்புத்திரியைப் புரொஜெக்டருக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் புகை கதிரில் கோடு கோடாகத் தெரியும்.

எழுத்து, எச்சரிக்கை, மெனு எல்லாம் ஓடி முடித்து முதல் காட்சியில் நிறுத்தி வைத்துக்கொண்டே ஆட்களைக் கூப்பிடுங்கள்.

11. இடையில் நின்றால்

டிவிடியில் நடுவே ஒருமுறை அரை வினாடி உறைந்து திரும்ப ஓடும். இரண்டு படலம் கொண்ட டிஸ்க்கில் லேசர் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும் நேரம் அது. பதறி டிஸ்க்கை வெளியே எடுக்காதீர்கள்.

கட்டம் கட்டமாக உடைந்தால் டிஸ்க்கில் கைரேகை. மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் வழியே நீளமாக விழும், பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது. குறுக்குக் கீறலைத் தாண்டிவிடும். புளூ-ரேயில் தகவல் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீற்றர் ஆழத்தில்தான் இருக்கிறது, டிவிடியில் 0.6. சட்டை நுனியால் தேய்ப்பது புளூ-ரேக்குப் பொருந்தாது.

கரண்ட் போய் வந்தால் கொப்பியைப் பாருங்கள். கடைசியாக ஓடிய காட்சி எத்தனையாவது நிமிடம் என்று அங்கே இருக்கும். றிமோட்டின் நேரத் தேடலில் அதைக் கொடுத்து நேரே போகலாம்.

12. முடிந்த பிறகு

டிஸ்க்கைப் பிளேயருக்குள் விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். புரொஜெக்டரின் விசிறி தானாக நிற்கும்வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள், உள்ளே பல்பு இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். பிளேயர் ஆறியதும் பழைய தலையணை உறைக்குள் போட்டுக் கட்டுங்கள். இங்கே பிளேயரைக் கொல்வது எறும்பும் பல்லியும். சூடான பெட்டி என்று உள்ளே குடியேறிவிடும்.

டிஸ்க் பெட்டிகளை நிமிர்த்தி, தகரக் கூரையின் சூடு இறங்காத பக்கத்து அலுமாரியில் கீழ்த்தட்டில் வையுங்கள். நிமிடங்கள் எழுதிய தாளைக் கொப்பியிலிருந்து கிழித்து, நாலாக மடித்து அந்தப் பெட்டிக்குள்ளேயே போடுங்கள். டிஸ்க்கை இரவல் கேட்டு வருபவருக்கு அதையும் சேர்த்துக் கொடுக்கலாம்.